புளியரை மாஸ்டரின் பொம்மை ரயில்கள்: எது போனது, எது நின்றது

பழைய பொம்மை ரயில் வைத்திருக்கிற வீடுகளிலிருந்து என்னிடம் வருகிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதெல்லாம் என்ன விலை போகும்?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, எந்த வண்டி இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்பது. அந்தப் பதில் கையில் இருந்தால், விற்பதா, வைத்துக்கொள்வதா, யாருக்காவது கொடுப்பதா என்கிற சண்டையில் பாதி தானாகவே அடங்கிவிடும். புளியரையில் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு சேகரிப்பை முழுசாகப் பிரித்துப் பார்த்தபோது என்ன நடந்தது என்று எழுதுகிறேன். அவர்களுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆளும் ஊரும்

புளியரை செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற ரோட்டில் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற ஊர், செக்போஸ்ட் தாண்டி மேலே ஏறினால் ஆரியங்காவு. செங்கோட்டைப் பக்கமே 1956 வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது, அதனால் இங்கே சொந்தபந்தம், வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் மலைக்கு இரண்டு பக்கமும் கிடக்கும். மலையைக் குடைந்து போட்ட மீட்டர் கேஜ் பாதை 1904-ல் பயணிகளுக்குத் திறந்தது. 2010-ல் அகலப் பாதையாக்குவதற்காக நிறுத்தினார்கள், முழுதாக மறுபடி ஓட 2018 ஆகிவிட்டது.

நம்ம ஆளை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை, இடமண் என்று அந்தப் பாதையிலேயே மாறி மாறி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது, கை லேசாக நடுங்கும், ஞாபகம் மட்டும் எங்கள் எல்லாரையும் விட சுத்தம். மூத்த மகன் சென்னையில் இருக்கிறார், மகள் புனலூரில் பள்ளி ஆசிரியை, மகளுடைய பையன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். வீட்டில் மாஸ்டரும் ஆச்சியும்தான்.

ரயில்கள் மூன்று வழியாக வந்திருக்கின்றன. மலைக்கு மேலே இருந்த எஸ்டேட் ஒன்றில் வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது பங்களாச் சாமானை விற்றுவிட்டுப் போனதில், குழந்தைகள் விளையாடிய சாவி ரயில் ஒன்று மாஸ்டரின் அப்பா கைக்கு வந்தது, அதுதான் தொடக்கம். அப்புறம் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பாஸ் இருக்கிறதே என்று சென்னைக்குப் போகும்போதெல்லாம் சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டில் போய்த் தேடுவார், 1985-ல் அந்தக் கட்டடம் எரிந்து போகும் வரை இது நடந்திருக்கிறது. மூன்றாவது, ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போய்வந்த ஒரு சிநேகிதர் கொண்டுவந்து கொடுத்தது. எதற்கும் பில் கிடையாது, எதுவும் எழுதி வைக்கப்படவில்லை, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது.

என்னைக் கூப்பிட்டது மகள். அண்ணன் இணையத்தில் ஏதோ ஒரு விளம்பரத்தில் டப்ளோ என்கிற பழைய பிரிட்டிஷ் பொம்மை என்ஜின் ஒன்றுக்குப் போட்டிருந்த விலையைப் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் விற்றால் வீட்டுக்கு மேல் மாடி கட்டலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். மகளுக்கு எதையும் விற்க மனசில்லை. மாஸ்டருக்கோ மூன்றாவது எண்ணம்: "எல்லாம் ஒண்ணா இருக்கணும் தம்பி. ஒரு மியூசியத்துக்குக் குடுத்துருவோம், என் பேரைப் போட்டு வைக்கட்டும்." ஆச்சி என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

என்னென்ன இருந்தது

முதலில் நான் வைத்த ஒரே நிபந்தனை, யாரும் எதையும் துடைக்கக் கூடாது. பழைய தகரத்தில் அச்சடித்த வர்ணத்தை ஈரத்துணியும் சோப்பும் தின்றுவிடும். காய்ந்த மெல்லிய பிரஷ் போதும், அதுவும் பட்டியல் எழுதி, படம் எடுத்த பிறகு.

எஸ்டேட்டிலிருந்து வந்தது ஹார்ன்பி கம்பெனியின் ஓ கேஜ் வண்டி, தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர், தகரம், சாவி கொடுத்தால் ஓடும். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி 1920-ல் தொடங்கிய வரிசை அது. இங்கே இருந்தது 1930-களில் வந்த சின்ன டேங்க் என்ஜின், எல்.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் ரயில் கம்பெனியின் கருஞ்சிவப்பு நிறம், கூட நாலைந்து சரக்கு வண்டி, கொஞ்சம் துருவேறிய தண்டவாளம். அட்டைப்பெட்டி போய்விட்டது. ஆனால் ஸ்பிரிங் நன்றாக இருந்தது, ஏனென்றால் மாஸ்டர் சாவியை முறுக்கியபடியே விட்டு வைக்கும் ஆளில்லை, ஓட்டி முடித்து முழுக்க இறக்கிவிட்டுத்தான் எடுத்து வைப்பார். முறுக்கிலேயே வருஷக்கணக்கில் கிடக்கிற ஸ்பிரிங் தளர்ந்துவிடும், உடைந்தும் போகும். ஒரு சின்னச் சங்கடம் மட்டும்: பல்சக்கரங்களுக்கு அவர் போட்டது தேங்காய் எண்ணெய். நம்ம ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதானே. அது நாளாக ஆகப் பிசினாகி, தூசியைச் சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துவிட்டது. எடுத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போட்டதும் வண்டி ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடியது.

மூர் மார்க்கெட் சரக்குதான் சேகரிப்பின் முதுகெலும்பு. பெரும்பாலும் ஹார்ன்பி டப்ளோ, அதாவது 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுகிற, நிஜ வண்டியின் ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர் அளவிலான வரிசை. 1938-ல் வந்தது, போரில் நின்றது, போருக்குப் பின் மறுபடி வந்து 1964-ல் கம்பெனியே டிரையாங் குழுமத்தின் கைக்குப் போகும் வரை நீடித்தது. மூன்று தண்டவாளம், 12 வோல்ட் நேர்மின்சாரம். டச்சஸ் ஆஃப் அதால் என்ஜின் ஒன்று கோச்சுகளோடு, அச்சடித்த அட்டைப்பெட்டியோடு, 1940-களின் கடைசியைச் சேர்ந்தது. 0-6-2 டேங்க் என்ஜின் ஒன்று (இந்த எண்கள் முன்சக்கரம், இயக்கு சக்கரம், பின்சக்கரம் எத்தனை என்பதைச் சொல்லும்). அப்புறம் சர் நைஜல் கிரெஸ்லி என்று பெயர் வைத்த என்ஜின், கொக்கியைப் பார்த்தால் போருக்கு முந்தையது என்று தெரியும், ஏனென்றால் பழசில் தட்டையான எஃகுக் கொக்கி, போருக்குப் பின் வந்ததில் வேறு மாதிரிக் கொக்கி. மூத்த மகன் இணையத்தில் விலை பார்த்தது இந்தக் கிரெஸ்லிக்குத்தான்.

இதோடு 1950-களின் ஆரம்பத்தில் வந்த டிரையாங் பிளாஸ்டிக் கோச்சுகள் சில. ஜெர்மனி போய்வந்த சிநேகிதர் கொடுத்தது மெர்க்லின் கம்பெனி வண்டி, தண்டவாளத்தின் நடுவில் இருக்கிற சின்னச் சின்னக் குமிழ்களிலிருந்து மின்சாரம் எடுக்கிற வகை, 1960-கள். கடைசியாக, பீரோவுக்குப் பின்னால் துணி சுற்றி வைத்திருந்த ஒன்று, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

எது நோய், எது தொற்று

கிரெஸ்லியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததும் மகனுடைய மாடி இடிந்து விழுந்தது. உடல் முழுக்க மயிரிழை விரிசல், பக்கவாட்டில் உப்பல், ஒரு ஓரம் தொட்டதும் பொடிந்தது. இதைத்தான் சேகரிப்பவர்கள் ஜிங்க் பெஸ்ட், அதாவது துத்தநாகக் கொள்ளைநோய், என்பார்கள். இந்த என்ஜினின் உடல் மசாக்கில் வார்த்தது. மசாக் என்பது துத்தநாகத்தோடு அலுமினியமும் கொஞ்சம் செம்பும் சேர்த்த வார்ப்புக் கலவை. வார்க்கும்போது ஈயம் துளியூண்டு கலந்துவிட்டால் போதும், உலோகத் துகள்களுக்கு நடுவே உள்ளுக்குள்ளேயே அரிப்பு தொடங்கிவிடும், வார்ப்பு வீங்கும், வளையும், பொடியும். போருக்கு முந்தைய பல கம்பெனிகளின் வார்ப்புகளில் இது உண்டு. வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற சாரல் காற்றில் மூன்று மாசம் சுவரே வியர்க்கிற ஊர் இது, இங்கே இத்தனை காலம் உருத்தெரிய இருந்ததே பெரிசு.

நிறுத்த வழி கிடையாது. பசை, வர்ணம், எண்ணெய் எதுவும் உதவாது. ஒரு ஆறுதல் உண்டு, இது ஒட்டுவாரொட்டி இல்லை. பேர் பெஸ்ட் என்று இருப்பதாலோ என்னவோ, மகள் பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்த என்ஜின்களை எல்லாம் அடுத்த ரூமுக்கு எடுத்துப் போய்விட்டார். நோய் வார்ப்பிலேயே பிறந்தது, பக்கத்து வண்டிக்குப் போகாது.

உண்மையில் தள்ளி வைக்க வேண்டியது யாரும் கண்டுகொள்ளாத டிரையாங் கோச்சுகளைத்தான். அந்தக் காலத்து முதல் கோச்சுகளை செல்லுலோஸ் அசிடேட் என்கிற பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். அது காலப்போக்கில் சுருங்கி வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி கூரை நெளிந்துவிடும், சிதையும்போது வினிகர் வாசனை வரும், அந்த ஆவி சிதைவை இன்னும் வேகமாக்கும், பக்கத்தில் இருக்கிற உலோகத்தையும் அரிக்கும். ஒரே டிரங்குப் பெட்டியில் மூடி வைத்திருந்தார்கள், கூடவே பூச்சி வராமல் இருக்க அந்துருண்டை வேறு. அந்துருண்டை ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். அசிடேட் கோச்சுகளைத் தனி அட்டைப்பெட்டியில், காற்று போகிற மாதிரி, வேறு அலமாரிக்கு மாற்றினோம். மற்றவற்றுக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம், நியூஸ் பேப்பருக்குப் பதிலாக அமிலம் இல்லாத மெல்லிய தாள், ரப்பர் பேண்டு அறவே கூடாது. இடம் பரண் அல்ல, ஓட்டுக்குக் கீழே சூடு ஏறும். நடு ரூமில் பீரோவின் நடுத்தட்டு.

கிரெஸ்லிக்கு விலை இல்லையா என்றால், உண்டு, உதிரிப் பாகத்துக்கு. சக்கரம், மோட்டார், இணைப்புக் கம்பிகள். "நல்லா இருக்குன்னு சொல்லி வித்துட்டா?" என்று மகன் மெதுவாகக் கேட்டார். மாஸ்டர் பதிலே சொல்லவில்லை, பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது.

மியூசியம் எண்ணம்

மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். பேரன் புனேயில் இருக்கிற ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியத்தை எடுத்துச் சொன்னான், 1998-ல் திறந்தது, நம்ம நாட்டில் இந்த விஷயத்தில் முதலில் நினைவுக்கு வருகிற பெயர். ஆனால் அது ஓர் ஆள் தன் வாழ்நாள் ஆசையில் கட்டி, ஓட்டிக்காட்டுகிற ஒரு காட்சி. ஊரில் உள்ளவர்களின் பழைய வண்டிகளை வாங்கி அடுக்குகிற கிடங்கு என்று அதை நினைக்கக் கூடாது. ரயில்வேயின் சொந்த மியூசியங்கள் டெல்லி, மைசூரு, சென்னை பெரம்பூர் என்று இருக்கின்றன, அவற்றின் கவலை நம்ம ரயில்வே, நிஜ வண்டிகள், நிஜக் கருவிகள். லிவர்பூலில் பிறந்த பிரிட்டிஷ் கம்பெனி பொம்மைக்கு அங்கே என்ன இடம்?

ஆனாலும் மாஸ்டர் திருப்திக்காக ஓரிடத்தில் விசாரித்தோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். எடுத்துக்கொண்டால் காட்சிக்கு வைப்போம் என்று உறுதி தர முடியாது, பிரிக்காமல் வைப்போம் என்றும் எழுதித் தர முடியாது என்றார்கள். எந்த மியூசியமும் அப்படித்தான் சொல்லும், சொல்லவும் வேண்டும், நிபந்தனையோடு வாங்கி வைத்துக்கொண்டு பின்னால் மாட்டிக்கொண்டு முழிப்பதைவிட இது நேர்மை. பேச்சுவாக்கில் மாஸ்டர், அட்டை டிக்கெட்டுகள், தான் வேலை பார்த்த காலத்து ஒர்க்கிங் டைம் டேபிள்கள், கைவிளக்கு எல்லாம் வீட்டில் கிடக்கிறது என்று சொல்லப்போக, எதிர்முனையில் குரலே மாறிவிட்டது. அவர்களுக்கு வேண்டியது அந்த மூட்டைதான். மீட்டர் கேஜே போன பிறகு அந்தப் பாதையில் எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எதற்காக எத்தனை நிமிஷம் நின்றது என்பதைச் சொல்லும் தாள்கள் எத்தனை வீட்டில் இருக்கும்? மாஸ்டர் அதைக் குப்பையோடு வைத்திருந்தார், பொம்மைகளைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் "ஒண்ணா இருக்கணும்" என்ற பிடிவாதம் தளர்ந்தது. பல வீடுகளில் நான் பார்ப்பது இதுதான். சேகரித்தவருக்கு அது ஒரே பொருள், ஏனென்றால் அதைக் கட்டி வைத்திருப்பது அவருடைய ஞாபகம். அந்த ஞாபகத்தைத் தனியாக எழுதி எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது வெவ்வேறு வயசும் வெவ்வேறு உடல்நிலையும் உள்ள சாமான்கள், ஒவ்வொன்றுக்கும் போகிற வழி வேறு.

அதனால் பேரன் லீவில் வந்தபோது லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான், மாஸ்டர் சொல்லச் சொல்ல அடித்தான். எங்கே வாங்கியது, யாரிடம், என்ன கோளாறு இருந்தது, என்ன மாற்றினார். விலைக்கு இது உதவுமா என்றால் நேரடியாக இல்லை. ஆனால் ஒரு என்ஜினின் பின் சக்கரம் வேறொரு என்ஜினிலிருந்து வந்தது என்பதை மாஸ்டர் சொன்னதால்தான் தெரிந்தது, தெரியாமல் விற்றிருந்தால் வாங்கினவர் வந்து சண்டை போட்டிருப்பார்.

அடிக்கு 5 மில்லிமீட்டர்

இனி துணி சுற்றி வைத்திருந்தது. அது ஒரு ஒய்.பி. என்ஜின். மீட்டர் கேஜில் பயணிகள் வண்டிக்கென்று வந்த 4-6-2 வகை, நம்ம தலைமுறை ஆட்கள் புகைவண்டி என்று நினைத்தால் பலருக்கும் முதலில் வருவது இதன் முகம்தான். மாஸ்டர் தகரமும் பித்தளையும் வைத்துத் தானே செய்தது. புகைபோக்கி, மணல் பெட்டி, டெண்டர், எல்லாம் கை வேலை, ஈயம் பற்ற வைத்தது.

இதில் அவர் மூளை வேலை செய்த இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இந்திய ரயில் மாதிரி செய்கிறவர்களுக்கு அளவுதான் தலைவலி. நம்ம அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், அதை ஹெச்.ஓ. அளவான 1:87-ல் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும், கடையில் கிடைக்கிற தண்டவாளமோ 16.5, அதனால் பெரும்பாலானவர்கள் ஒடுக்கமான பாதையில் அகலமான வண்டியை ஓட்டிவிட்டுக் கண்டும் காணாமல் இருப்பார்கள். மீட்டர் கேஜை 1:87-ல் செய்ய 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும், இங்கே அது எங்கே கிடைக்கும். மாஸ்டர் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். கையில் இருப்பது 16.5 மில்லிமீட்டர் டப்ளோ தண்டவாளம், அதையே மீட்டர் கேஜ் என்று வைத்துக்கொண்டால் அளவு ஏறக்குறைய 1:60, அதாவது அடிக்கு 5 மில்லிமீட்டர். நிஜ என்ஜின் வரைபடமும் அடி, அங்குலத்தில்தான். பிறகென்ன, ஸ்கேலை வைத்து அளக்க வேண்டியதுதான்.

அடியில் ஓடுகிற சேஸிஸ் டச்சஸ் ஆஃப் அதாலுடையது. மேலே சொன்ன அட்டைப்பெட்டி டச்சஸ் அல்ல, மூர் மார்க்கெட்டில் பெட்டியில்லாமல் கிடைத்த இன்னொன்று. அதுவும் 4-6-2, இதுவும் 4-6-2. இயக்கு சக்கரம் ஒய்.பி.க்குக் கொஞ்சம் பெரிசு, அது அவருக்கும் தெரியும். டச்சஸின் வார்ப்பு உடலை வீசாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்.

பெங்களூரிலிருந்து வாங்க வந்தவர் இதைப் பார்த்ததும் கண் விரிந்தது, ஆனால் நாங்கள் நினைத்த காரணத்துக்கு இல்லை. மேலே இருக்கிற தகரத்தைக் கழற்றிவிட்டு, டின்னில் இருக்கிற உடலை மறுபடி மாட்டினால் ஒரு முழு டச்சஸ் கிடைக்கும், அதற்கு நல்ல விலை தருகிறேன் என்றார். மகனுக்கு அது சரியாகப் பட்டது. மாஸ்டர்கூடக் கோபப்படவில்லை, "அவரு சொல்லுததும் நியாயந்தான தம்பி, நான் ஒரு நல்ல இன்ஜினைக் கெடுத்துத்தான இதைச் செஞ்சேன்" என்று சிரித்தார்.

நான் சேஸிஸைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் மாட்டுத் தடுப்பு பொருத்துவதற்காக வார்ப்பில் கொஞ்சத்தை ரம்பம் வைத்து அறுத்திருந்தார். ஆகவே பழைய உடலை மாட்டினாலும் அது முழு டச்சஸ் ஆகாது, வெட்டுப்பட்ட டச்சஸ்தான், தெரிந்தவன் கையில் விலை விழுந்துவிடும். ஒரு அரைகுறை டச்சஸுக்காக ஒரு முழு ஒய்.பி.யைக் கொல்வதில் என்ன லாபம்? டச்சஸ் கம்பெனி தயாரிப்பு, ஏலத்துக்கு ஏலம் வந்துகொண்டே இருக்கிறது. பகவதிபுரத்தில் கொடி காட்டின ஸ்டேஷன் மாஸ்டர் அடிக்கு 5 மில்லிமீட்டரில் செய்த ஒய்.பி. இன்னொன்று கிடையாது. இதற்குச் சந்தையில் விலை இல்லை என்பது வேறு விஷயம். உடலை மட்டும் தனியாக விற்றோம், உதிரிப் பாகம் தேடுகிறவர்களுக்கு அது தங்கம். ஒய்.பி. நின்றது.

அதற்கு ஜோடியாக, அதே மலைப்பாதையில் இருக்கிற கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தையும் பிளைவுட்டில் செய்திருக்கிறார். திண்ணை ஓரத்தில் இருந்தது. கரையான் பாதிக் கண்களைத் தின்றுவிட்டது. அளவெடுத்து, படம் எடுத்துவிட்டு எரித்தோம், வேறு வழியில்லை, விட்டிருந்தால் வீட்டு வாசல் நிலையில் ஏறியிருக்கும்.

விற்றது எப்படி

மகன் இங்கிலாந்துக்கு அனுப்பி ஏலம் விடலாம் என்றார். அங்கே பழைய பொம்மைகளுக்கென்றே ஏல நிறுவனங்கள் உண்டு, உண்மைதான். ஆனால் வார்ப்பு வண்டி கனம், அனுப்புகிற செலவு, உடைகிற பயம், விற்பவரிடம் ஒரு கமிஷன், வாங்குபவரிடம் ஒரு கமிஷன், அதெல்லாம் கழித்து வருகிற மிச்சம்தான் நமக்கு. அதைவிட முக்கியம், சாதாரண டப்ளோவுக்கு அங்கே பழைய கிராக்கி இல்லை. சின்ன வயசில் அதை ஆசைப்பட்டுக் கடை ஜன்னலில் பார்த்த தலைமுறை முதுமைக்குப் போய்விட்டது, அவர்கள் சேகரிப்பே சந்தைக்கு வந்துகொண்டிருக்கிறது. அரிதானதும் பெட்டியோடு இருப்பதும் இப்போதும் நல்ல விலை போகும், மற்றது அப்படி இல்லை. மகன் பார்த்தது கேட்கிற விலை. விற்று முடிந்த விலைகளைத் தேடி எடுத்துக் காட்டியபோது அவர் மனக்கணக்கில் கால் பங்குகூட வரவில்லை.

இங்கேயே விற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. வெளியிலிருந்து வரவழைப்பது அவ்வளவு செலவு என்றால், ஓடுகிற நிலையில் உள்ளூரில் ஒன்று கிடைக்கும்போது பெங்களூர்க்காரர் பஸ் ஏறி வருவார், வந்தார். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தில் நூறு வருஷம் என்பது ஒரு கோடு. மாஸ்டரிடம் இருப்பது எதுவும் அதைத் தொடவில்லை, ஆனால் 1920-களின் தகர ரயில்களுக்கு இப்போது நூறு ஆகிக்கொண்டு வருகிறது, அனுப்பும் முன் தொல்லியல் துறையிடம் கேட்டுச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது.

ஓட்டிக் காட்டும் முன் இரண்டு எச்சரிக்கை. பழைய டிரான்ஸ்ஃபார்மரைச் சுவர் பிளக்கில் செருகக் கூடாது, துணி சுற்றின ஒயர் உள்ளே உதிர்ந்துபோய் இருக்கும். புது 12 வோல்ட் கன்ட்ரோலர் வைத்து ஓட்டினோம். அப்புறம், ஓடாத டப்ளோவைப் பார்த்தால் உடனே மோட்டாரைப் பிரிக்கத் தோன்றும். 1940-களின் குதிரைலாடக் காந்தத்திலிருந்து ஆர்மேச்சரை, அதாவது மோட்டாரின் சுழலும் பாகத்தை, சும்மா உருவினால் காந்தம் பலம் இழந்துவிடும், முதலில் ஒரு இரும்புத் துண்டால் இரண்டு துருவத்தையும் இணைத்துவிட்டுத்தான் உருவ வேண்டும். எங்கள் டேங்க் என்ஜின் சோம்பலாக ஓடியதற்குக் காரணம் யாரோ முன்னாலேயே இதைச் செய்ததுதான், மாஸ்டருக்கு யார் என்றுகூட ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லியே விற்றோம், விலை குறைந்தது, பிறகு புகார் வரவில்லை.

ஆக, பெட்டியுள்ள டச்சஸும் டேங்கும் தண்டவாளங்களும் தனி டச்சஸ் உடலும் பெங்களூர். கிரெஸ்லியின் சக்கரமும் மோட்டாரும் பெங்களூர்க்காரருக்கே, உடல் ஒரு கண்ணாடி ஜாடியில் மகள் வீட்டில், விரிசல் எப்படிப் போகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறாராம். சாவி ரயிலும் அவர் வீட்டுக்குத்தான், ஓட்டுவதற்கு, காட்சிக்கு அல்ல. டிக்கெட்டும் டைம் டேபிளும் கைவிளக்கும் மியூசியத்துக்கு, நிபந்தனை இல்லாமல், ஸ்கேன் எடுத்த பிறகு. டிரையாங் கோச்சுகளை யாரும் கேட்கவில்லை. ஒய்.பி. மாஸ்டர் இருக்கும் வரை அவரிடம், பிறகு பேரனுக்கு. இதை வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு உயிலாகவே எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வைத்தோம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, சாட்சி கட்டாயம். வரைபடங்களின் நகலும் பேரன் அடித்த நோட்டும் அதோடு இருக்கின்றன.

வந்த பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு எழுந்தபோதுதான் ஆச்சி அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். "இதுல பாதி இன்ஜினு என் சீட்டுக் காசுல வாங்குனது. யாரு என்னைக் கேட்டா?" மாஸ்டர் மறுக்கவில்லை. பேரன் தயங்கித் தயங்கி லேப்டாப்பைத் திறந்து, ஆச்சி சொன்ன தகவலையும் நோட்டில் ஏற்றினான், எந்த வருஷத்துச் சீட்டு, எந்த என்ஜின் என்று அவருக்கு வரிசையாகத் தெரிந்திருந்தது. பணம் முழுசும் அவர் பேரில் போஸ்ட் ஆபீஸில் போடப்பட்டது. மூத்த மகனுக்கு இன்னும் வருத்தம்தான், விலை குறைத்துக் கொடுத்துவிட்டோம் என்று நினைக்கிறார்.

மெர்க்லின் மட்டும் இன்னும் போகவில்லை. மாற்றுமின்சாரத்தில் ஓடுவது, மற்ற எதோடும் சேராது, அந்த வரிசை வைத்திருப்பவர்தான் வாங்குவார். கொச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், சாரல் முடிந்ததும் நேரில் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். விலை பேசப்போவது ஆச்சி, இதை நான் கொச்சிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன்.